தலைகீழாகப் பொருத்திய ஒரு ஜோடி

மல்டிஃபோகல் கண்ணாடி வாங்குகிறவர் முதல் வாரம் கடைக்காரரைத் திட்டுவார். இரண்டாம் வாரம் டாக்டரைத் திட்டுவார். மூன்றாம் வாரம் அதைப் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் பழைய கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "எனக்கு இதெல்லாம் ஒத்துக்காது" என்று கத்தரிக்காயைப் பற்றிச் சொல்வதுபோல் சொல்லித் திரிவார். மயிலாப்பூரில் ஒரே ஒரு கண்ணாடிக் கடையில் என் உத்தியோகக் காலம் முழுவதையும் கழித்தவள் நான். என்னிடம் அளவு கொடுத்தவர்களுக்கு இந்த மூன்று வாரங்கள் வராமல் பார்த்துக்கொண்டேன் என்பது என் கர்வம். கர்வம் என்றே எழுதுகிறேன். ஓய்வு பெற்றவள் அடக்கத்தை யாருக்காகக் காப்பாற்ற வேண்டும்?

போன மாதம் கடைக்குப் போயிருந்தேன். புதிதாக ஒரு டேப்லெட் வாங்கியிருக்கிறார்கள். கண்ணாடி மாட்டிய முகத்தை அதில் படம் பிடித்தால், கண்மணி லென்ஸில் எந்த இடத்தில் வருகிறது, ஃபிரேம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது எல்லாவற்றையும் அதுவே சொல்லிவிடுகிறது.

"இனிமே பேனாவால புள்ளி வைக்கிற வேலையே இல்ல மேடம். ஒரு போட்டோ, முடிஞ்சுது" என்றாள் திவ்யா. நான் விட்டுவந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள்.

"எங்க, என்னை எடு."

எடுத்தாள். நான் என் கண்ணுக்கு வைத்திருந்த அளவும் அது சொன்ன அளவும் ஒன்றாகவே இருந்தன. குறை சொல்லலாம் என்று போனவளுக்கு இது பெரிய ஏமாற்றம். நல்ல கருவிதான். என் கண் எங்கே இருக்கிறது என்று சரியாகச் சொன்னது. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு நான் என்ன செய்கிறேன் என்று மட்டும் அது கேட்கவில்லை.

"அதை நாமதான் கேக்கணும், இல்ல மேடம்?" என்றாள் திவ்யா. கெட்டிக்காரி. "நீங்க எப்படிக் கேப்பீங்கன்னு எழுதிக் குடுங்களேன்" என்றும் சொன்னாள். எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காக முதலில் லென்ஸைப் பற்றி. நாற்பது வயதுக்கு மேல் கிட்டத்தில் இருப்பது மங்கும். தூரத்துக்கு ஒரு பவர், படிக்க ஒரு பவர் என்று இரண்டையும் ஒரே கண்ணாடியில் வைத்து நடுவே கோடு போட்டால் அது பைஃபோகல். கோடு தெரிந்தால் வயது தெரிந்துவிடுமாம். அதனால் கோடே இல்லாமல், மேலிருந்து கீழே பவர் படிப்படியாக ஏறும்படி செய்தது புரொகிரசிவ்; மல்டிஃபோகல் என்று கேட்டு வாங்குவதும் இதைத்தான். மேலே தூரம், நடுவில் கை தொடும் தொலைவு, அடியில் படிப்பு. விளம்பரம் இதோடு நின்றுவிடும். மிச்சத்தை நான் சொல்கிறேன். தூரத்தைத் தவிர மற்ற இரண்டும் நடுவே ஒரு ஒடுக்கமான சந்தில்தான் தெளிவாக இருக்கும். சந்துக்கு இரண்டு பக்கமும், கீழ்ப்பாதியில், எல்லாம் மங்கும், நேர்க்கோடு வளையும், தரை மிதக்கும். எந்த நாட்டில் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் இந்த மங்கல் போகாது. ஓரமாக ஒதுக்கித்தான் வைக்க முடியும்.

நான் படித்தது இயற்பியல். அதன்பிறகு கண்ணாடித் தொழிலுக்கான டிப்ளமோ. ராயப்பேட்டையில் எங்கள் வீட்டில் அத்தா தையல்காரர். உடம்பைப் பார்த்தே அளவு சொல்கிறவர். "கண்ணுக்குக்கூட அளவெடுப்பாங்களா?" என்று சிரித்தார். லென்ஸ் சூத்திரத்துக்குக் கட்டுப்படும், மூக்கு கட்டுப்படாது என்பதைக் கடையில் சேர்ந்த முதல் வருடத்திலேயே தெரிந்துகொண்டேன்.

கடை முதலாளி வரதராஜன் சார். அவர் கடையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கூட்டுகிற பெண்மணி உட்பட எல்லோரையும் "நீங்கள்" என்பார். குரலை உயர்த்த மாட்டார், அதுதான் பயம். நான் பொருத்திய கண்ணாடியைக் கொண்டுபோய்க் கொடுத்தால், தன் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, என்னுடையதை டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கி, மெதுவாகத் தாலாட்டுவதுபோல் ஆட்டுவார். ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தால் மறுபடி செய் என்று அர்த்தம். எது தப்பு என்று கேட்கக் கூடாது, கண்டுபிடிக்க வேண்டும். சரியாக இருந்தால், "டீ சொல்லுங்க" என்பார். அவர் அகராதியில் பாராட்டுக்கு வேறு சொல் இல்லை.

மல்டிஃபோகல் கேட்டு வருகிறவரிடம் அவர் எடுத்த உடனே அளவெடுக்க விட மாட்டார். முதலில் ஒரு செய்தித்தாளைக் கையில் கொடுக்க வேண்டும். படித்துக்கொண்டிருக்கும்போது, "மணி என்ன சார்?" என்று சுவர்க் கடிகாரத்தைக் காட்டிக் கேட்க வேண்டும். பிறகு பக்கத்தில் இருக்கும் பேனாவை எடுக்கச் சொல்ல வேண்டும். வந்தவர் இதையெல்லாம் செய்யும்போது நாம் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: முகம் திரும்புகிறதா, கண் மட்டும் திரும்புகிறதா? "கழுத்தாளா, கண்ணாளா?" என்று சார் என்னிடம் கேட்பார். கழுத்தைத் திருப்புகிறவருக்குப் புரொகிரசிவ் தானாகப் பழகும். கண்ணை மட்டும் உருட்டுகிறவர் நேராக ஓரத்து மங்கலுக்குள் போய் விழுவார். அவருக்கு அகலமான சந்து உள்ள லென்ஸ் வேண்டும், இல்லையென்றால் கோடு போட்ட பழைய பைஃபோகலே போதும். அதற்கப்புறம்தான் ஃபிரேமை மூக்கிலும் காதிலும் சரியாக உட்காரவைத்து, அவர் கண் மட்டத்துக்கு என் கண்ணையும் கொண்டுவந்து, கண்மணிக்கு நேரே புள்ளி வைப்பது.

திருவான்மியூர் ஸ்டாண்டு ஆட்டோக்காரர் பழனி அசல் கண்ணாள். வேறு எங்கோ வாங்கிய புரொகிரசிவ்வோடு வந்து சண்டைக்கு நின்றார்.

"இன்னா மேடம் இது, சைடு கண்ணாடில பாத்தா பின்னால வர்ற பஸ்ஸு வளஞ்சுகினு வருது!"

"பஸ் நேராத்தான் வருது. நீங்கதான் கண்ணை மட்டும் திருப்பறீங்க. மூக்கைத் திருப்புங்க."

"ரோட்டப் பாக்குறதா, மூக்கத் திருப்பறதா? சவாரி ஏறுன பொம்பள இன்னா நெனைக்கும்?"

அவருக்குப் பைஃபோகல்தான் கொடுத்தேன். கோடு தெரிகிறதே என்று முறைத்தார். பஸ் நிமிர்ந்ததும் கோட்டை மறந்துவிட்டார்.

இதெல்லாம் வழக்கமாக வருவது. எனக்கு உண்மையிலேயே வேலை வைத்தவர் கணேச குருக்கள். ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு சந்துக்குள் இருக்கும் சின்ன அம்மன் கோயிலில் பூஜை செய்பவர். நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன்பு, நவராத்திரிக்கு இன்னும் சில வாரங்களே இருந்தபோது, தன் மனைவி ஜெயா மாமியோடு கடைக்கு வந்தார். மூக்கில் பளபளவென்று ஒரு புரொகிரசிவ். தி.நகரில் பெரிய ஷோரூமில் பையன் வாங்கிக் கொடுத்ததாம்.

"படிக்கறதுக்கு ஒரு குறையும் இல்லைம்மா. ரோடு நன்னா தெரியறது. அம்பாள் முகம்தான் அலையறது" என்றார்.

மிச்சத்தை மாமி சொன்னார். "கண்மலர் கோணிப் போயிடறதும்மா. அம்பாளுக்கு வெள்ளியில ரெண்டு கண் இருக்கோல்லியோ, அலங்காரத்தப்போ மெழுகு வெச்சு ஒட்டுவா. இவர் ஒட்டினா ஒண்ணு மேல, ஒண்ணு கீழ. யாரோ போன்ல படம் பிடிச்சு எல்லாருக்கும் அனுப்பிட்டா. 'அம்மன் ஏன் சந்தேகமா பாக்கறா'ன்னு கேட்டு எழுதியிருக்கா. கமிட்டித் தலைவர் கூப்பிட்டு, நவராத்திரிக்கு உங்க தம்பி பையன் பண்ணட்டும், நீங்க அர்ச்சனை மட்டும் பாத்துக்கோங்கோன்னுட்டார்."

"கோபமாச் சொல்லலை. நல்ல மனுஷர். கண்ணு போயிடுத்து, என்ன பண்றதுன்னு அவரே வருத்தப்பட்டார்" என்றார் குருக்கள். "அடையாறுல டாக்டர்ட்ட காட்டினேன். புரை இல்லை, கண் சுத்தமா இருக்குங்கறார். கண்ணும் சரி, கண்ணாடியும் சரின்னா, கையிலதானே கோளாறு? அலங்காரம் கைய விட்டுப் போயிடுத்துன்னா அப்புறம் நான் அங்க மணி அடிக்கறவன்தான்."

முதலில் கண்ணாடியைச் சோதித்தேன். புரொகிரசிவ் லென்ஸில் கண்ணுக்குத் தெரியாத சின்ன வட்டங்களைப் பொறித்திருப்பார்கள். வாயால் ஊதி வெளிச்சத்தில் சாய்த்தால் தெரியும். அதை வைத்துக்கொண்டு, சந்து எங்கே தொடங்குகிறது, கண்மணிக்கு நேரே இருக்கிறதா என்று குறித்துப் பார்த்தேன். பவர் சரி. உயரம் சரி. சாய்வு சரி. ஷோரூம்காரர்களைக் குறை சொல்ல எனக்கு ஆசைதான். அவர்கள் இடம் கொடுக்கவில்லை.

"அம்பாள் முன்னால எப்படி நிப்பீங்களோ அப்படியே நின்னு காட்டுங்க" என்றேன்.

"எங்க நிக்கறது?"

"இந்தச் சுவத்தை அம்பாள்னு வெச்சுக்கோங்க."

சுவரைப் பார்த்தார். அதில் கூலிங் கிளாஸ் போட்ட ஒரு பெண் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள், விளம்பரத் தட்டி.

"அந்தப் பொண்ணு மூஞ்சிக்கு நேரா கையத் தூக்கச் சொல்றேளே, நன்னாருக்கா?"

"கையக் கட்டிண்டா ஒட்டுவேள்? அவா சொல்றதைக் கேளுங்கோ" என்றார் மாமி.

தட்டியைக் கழற்றிக் கீழே வைத்த பிறகுதான் நின்றார். அவர் நின்ற விதத்தில்தான் விஷயம் இருந்தது. சுவருக்கு நேரே நிற்கவில்லை, ஓரமாக நின்றார்.

"அம்பாளுக்கு நேர் எதிர்ல நின்னு மறைக்கப்படாது. திரை போட்டிருந்தாலும் பக்கவாட்டுலதான். அங்க ஒரு கல்படி இருக்கு, அதுல ஏறிப்பேன்" என்று சொல்லிக்கொண்டே இரண்டு கைகளையும் தலைக்கு மேலே கொண்டுபோனார். அம்மன் பீடத்தின்மேல் இருக்கிறாள். அவள் கண்கள் இவர் கண்களைவிட நல்ல உயரத்தில். கைகள் மேலே போனதும் முகவாய் கூரையைப் பார்த்தது, கண் அரைவாசி மூடி, லென்ஸின் அடிவிளிம்பு வழியாக ஓரக்கண்ணால் மேலே பார்த்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. உலகத்தில் படிக்கிறவர், எழுதுகிறவர், காய் நறுக்குகிறவர், கணக்குப் பார்க்கிறவர் எல்லோருக்கும் கிட்டத்து வேலை கீழே இருக்கிறது. லென்ஸ் செய்கிறவன் அதை நம்பித்தான் கிட்டத்துப் பவரை அடியில் வைத்தான். இவருடைய கிட்டத்து வேலை தலைக்கு மேலே. அந்த அடிப்பவரை மேலே கொண்டுவரத் தலையைச் சாய்க்கிறார். பக்கவாட்டில் நிற்பதால் சந்துக்குள் பார்வை நிற்காமல் ஓரத்து மங்கலுக்குப் போய்விடுகிறது. அங்கே கோடுகள் வளையும். வளைந்த கோட்டை நேர்க்கோடு என்று நம்பிக் கண்மலரை ஒட்டுகிறார். அவர் கை நேராகத்தான் இருந்தது. அவர் பார்த்த உலகம் சாய்ந்திருந்தது.

"படியிலேர்ந்து இறங்கும்போது?" என்று கேட்டேன்.

குருக்கள் மாமியைப் பார்த்தார். மாமி, "கற்பூரத் தட்டோட ரெண்டு தடவை தடுமாறிட்டார். அதைச் சொல்லப்படாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிண்டிருக்கார்" என்றார்.

படிக்கும் பவர் வழியாகத் தரையைப் பார்த்தால் படி எப்படித் தெரியும்? மிதக்கும். ஆக, மேலே கிட்டம் தெரிய வேண்டும், கீழே தூரம் தெரிய வேண்டும். இருக்கிற எல்லாக் கண்ணாடிக்கும் நேர்மாறு.

கைதொடும் தொலைவுக்கு மட்டும் தனியாக ஒரு கண்ணாடி கொடுத்திருக்கலாம். அதைப் போட்டால் தரை மங்கும். இரண்டு கண்ணாடி வைத்து மாற்றிக்கொள்ளலாம் என்றால், கை முழுவதும் சந்தனமும் எண்ணெயும். மூன்றாவது மாற்றத்தில் லென்ஸுக்கும் சந்தனக் காப்பு ஆகிவிடும்.

அளவு வேண்டும். கோயிலின் கருவறைக்குள் நான் போக முடியாது. என் பெயர் ரஷீதா என்பதால் மட்டும் இல்லை. எந்தப் பெயராக இருந்தாலும் குருக்களைத் தவிர வேறு யாரும் போக முடியாது. "பூ கட்டற வாழை நார் இருக்கும் இல்ல? ஒரு நாரோட நுனியை அம்பாள் கண்ணுல வெச்சு, இன்னொரு முனையை உங்க மூக்குத் தண்டுல பிடிச்சு, முடிச்சுப் போட்டுக் கொண்டாங்க" என்றேன். "தரையிலேர்ந்து அம்பாள் கண்ணு வரைக்கும் இன்னொரு நார். கல்படி உயரத்துக்கும் ஒண்ணு."

மறுநாள் மூன்று நார்களும் வாழை இலைத் துண்டில் சுருட்டப்பட்டு வந்தன. முதல் நாரைப் பிரித்ததும், இவ்வளவு கிட்டமா என்று எனக்கே சந்தேகம். முழங்கையை மடக்கினால்தான் அந்தத் தொலைவில் வேலை செய்ய முடியும். அவரோ நேற்றுக் கையை நீட்டிக் காட்டினார்.

"எப்ப எடுத்தீங்க?"

"காலம்பற அபிஷேகம் ஆனதும்."

மாமி தலையில் அடித்துக்கொண்டார். "அப்போ அம்பாள் வெறும் கல்லா இருப்பா. அலங்காரத்துக்குக் கவசம் சாத்தி, பாவாடை விரிச்சுக் கட்டினப்புறம் இத்தனை கிட்டப் போக முடியுமா உங்களால?"

"அம்பாளோட அளவுன்னுதானே கேட்டா? பாவாடையோட அளவு கேக்கலையே" என்றார் குருக்கள், கொஞ்சமும் விட்டுக்கொடுக்காமல்.

வெள்ளிக்கிழமை அலங்காரத்தில் எடுத்த நார், கை நீட்டிய நீளத்துக்குச் சரியாக வந்தது. கடைச் சுவரில் அம்மன் கண் உயரத்துக்கு இரண்டு காகிதக் கண்களை ஒட்டினேன். படி உயரத்துக்குப் பலகை போட்டேன். கருவறையில் எண்ணெய் விளக்குதானே. கடை விளக்குகளை அணைத்துவிட்டு ஒரே ஒரு மங்கலான பல்பைப் போட்டேன். லென்ஸை மாற்றி மாற்றிப் போடும் சோதனைச் சட்டத்தை அவர் மூக்கில் மாட்டி, பவரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். படிக்கும் பவரில் பாதிக்குச் சற்று மேலே வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

"விளிம்பு தெரியறது" என்றார் மெதுவாக. "ரெண்டு கண்ணோட விளிம்பும் தெரியறது."

அடுத்தது லென்ஸ். பைஃபோகலைத் தலைகீழாகத் திருப்பினால் கிட்டத்துப் பவர் மேலே வந்துவிடும் என்பது யாருக்கும் தோன்றும். அங்கேதான் தப்பும் செய்வார்கள். கிட்டத்தில் பார்க்கும்போது இரண்டு கண்ணும் மூக்குப் பக்கம் ஒதுங்கும். அதனால் பைஃபோகலில் கிட்டத்துப் பவர் இருக்கும் சின்னப் பகுதியையும் மூக்குப் பக்கம் ஒதுக்கியே செய்திருப்பார்கள். வலது லென்ஸை அப்படியே திருப்பினால் அது காதுப் பக்கம் போய்விடும். ஆகவே வலது கண்ணின் பவரை இடது கண்ணுக்கென்று வரும் அரைக்காத லென்ஸ் வட்டில் அரைக்க வேண்டும், இடது கண்ணின் பவரை வலது வட்டில். பிறகு திருப்பிப் பொருத்தினால் மூக்குப் பக்கம் வந்து நிற்கும். அப்படியே ஆர்டர் எழுதினேன்.

லென்ஸ் அரைக்கும் லேபிலிருந்து சேகர் போன் செய்தான். "மேடம், ரைட்டு லெஃப்ட்டு மாத்தி எழுதிக்கீறீங்க."

"மாத்தித்தான் எழுதியிருக்கேன். அப்படியே அரைங்க."

"அப்பால உல்டாவா வந்துடும் மேடம்."

"உல்டாவாத்தான் வேணும்."

"கஸ்டமரு தலகீழா நிக்கிறாரா மேடம்?"

"அவர் நேராத்தான் நிக்கிறார். எங்க வேணா கையெழுத்துப் போடறேன், நீங்க அரைங்க சேகர்."

லென்ஸ் வந்ததும் நானே விளிம்பு தேய்த்தேன். கோடு கண்மணிக்குக் கொஞ்சம் மேலே நிற்கும்படி வைத்தேன். நேரே பார்த்தாலும் கீழே பார்த்தாலும் தூரப் பவர். கண்ணை மட்டும் மேலே உயர்த்தினால் கைதொடும் தொலைவு. முகவாய் அசையவே வேண்டாம். வரதராஜன் சார் அப்போதும் கடைக்கு வந்துகொண்டிருந்தார், கைத்தடியோடு, ஆனால் உட்காராமல். கண்ணாடியை வாங்கி டியூப் லைட்டுக்கு நேரே தூக்கினார். தாலாட்டினார். தலைகீழாகப் பிடித்துத் தாலாட்டினார். மறுபடி நேராக்கித் தாலாட்டினார். நான் இத்தனை வருடத்தில் அவரை மூன்று முறை ஆட்டவைத்ததில்லை.

"யாருக்கு?" என்றார். சொன்னேன். "டீ சொல்லுங்க" என்றவர், கொஞ்சம் யோசித்து, "வடையும் சொல்லுங்க" என்றார்.

குருக்களுக்குப் பலகைமேல் ஏறி இறங்கப் பயிற்சி கொடுத்தேன். தலையைச் சாய்க்கிற பழக்கத்தை விடத்தான் கஷ்டப்பட்டார். முகவாய் மேலே போகும்போதெல்லாம் மாமி, "தலை!" என்று அதட்டினார். இதைக் கோயிலுக்குள் மட்டும்தான் போட வேண்டும், ரோட்டுக்குத் தி.நகர் கண்ணாடிதான், அது நல்ல கண்ணாடி என்று சொல்லி அனுப்பினேன். கமிட்டித் தலைவரிடம் குருக்களே போய், முதல் நாள் மட்டும் தன்னிடம் கொடுக்கும்படி கேட்டிருக்கிறார். கோணினால் மறுநாளிலிருந்து தம்பி பையன் என்று பேச்சு.

நவராத்திரி முதல் நாள் சாயங்காலம் கடையிலிருந்து நேரே அந்தச் சந்துக்குப் போனேன். வாடிக்கையாளரைத் தொடர்ந்து போய்ப் பார்ப்பது எங்கள் நடைமுறையில் கிடையாது. அன்று நடைமுறையை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். எதிர்ப்பக்கம் பூக்கடை ஓரமாக நின்றேன். சின்னக் கோயில், தெருவிலிருந்தே நேராகக் கருவறை தெரியும். திரை போட்டிருந்தது. உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கமிட்டித் தலைவர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பத்துப் பேர் போனைத் தயாராக உயர்த்தியிருந்தார்கள். கோணலைப் படம் பிடிக்க வந்தவர்களும் அதில் இருந்திருப்பார்கள்.

மணி அடித்தது. திரை விலகியது.

சிவப்புப் பட்டு, வெள்ளிக் கவசம், அதற்கு மேலே இரண்டு கண்கள். என் தொழில் எனக்குக் கொடுத்த வியாதி, எந்த முகத்தைப் பார்த்தாலும் இரண்டு கண்மணிகளுக்கும் நடுவே மனதுக்குள் ஒரு கோடு போடுவேன். போட்டேன். கோடு படுத்துக் கிடந்தது, தண்ணீர் மட்டம் போல. அம்மன் யாரையும் சந்தேகப்படவில்லை.

தலைவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்ற தம்பி பையனிடம் தெருவுக்கே கேட்கும் குரலில், "பெரியப்பா பண்ணினதை நன்னா பாத்துக்கோ. அடுத்த எட்டு நாளும் அவர்தான். நீ கூட நின்னு பூ எடுத்துக் குடு" என்றார்.

உயர்ந்திருந்த போன்கள் எல்லாம் படம் எடுத்தன. மாமி எங்கிருந்தோ என்னைக் கண்டுபிடித்து, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

குருக்கள் கற்பூரத் தட்டோடு திரும்பினார். எல்லோரும் அம்மனைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் அவர் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது கல்படியிலிருந்து இறங்கியது. தேடவில்லை, தடவவில்லை. தரை எங்கே இருந்ததோ அங்கேயே போய் ஊன்றியது.